கரண்டி யார் கையில்?

"நாலு நாள்தானே, பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொள்ளேன்!"

பண்டிகைக்குப் புகுந்த வீட்டார் வருகிறார்கள் என்று தெரிந்தவுடன் நம் பெண்களுக்குக் கிடைக்கிற முதல் உபதேசம் இதுதான். பெற்ற தாய் சொல்லுகிறாள். அடுத்த வீட்டு அம்மாள் சொல்லுகிறாள். பத்திரிகையின் குடும்பப் பகுதிக்குக் கேள்வி எழுதிப் போட்டால் அங்கேயும் இதையே கொஞ்சம் மெருகேற்றி, புன்சிரிப்பு என்றும் சாமர்த்தியம் என்றும் பெயர் வைத்துத் திருப்பி அனுப்புகிறார்கள். இப்படி உபதேசிக்கிறவர்களில் அந்த நாலு நாளும் அடுப்பு முன்னால் நிற்கப் போகிறவர் ஒருவரும் இல்லை என்பதை நீங்களும் கவனித்திருக்கலாம். எனக்கு இந்த உபதேசத்தின் மேல் வெகுநாளாகக் கோபம். இன்று அதைக் கொட்டித் தீர்ப்பதாக உத்தேசம். சாதுவான வாசகர்கள் அடுத்த கட்டுரைக்குப் போய்விடலாம்.

நாலு நாள் என்றால் என்னவென்று முதலில் பார்த்துவிடுவோம்.

2024ஆம் வருஷத்துத் தீபாவளி அக்டோபர் 31, வியாழக்கிழமை வந்தது. வெளியூர் போகிறவர்களுக்குச் சௌகரியமாக இருக்கட்டும் என்று தமிழக அரசு மறுநாள் வெள்ளிக்கிழமையும் விடுமுறை விட்டது. பிறகு சனி, ஞாயிறு. ஆக மொத்தம் நாலு நாள். பாண்டியன் எக்ஸ்பிரஸில் இடம் கிடைத்த பாக்கியசாலிகள் தெற்கே போனார்கள். எனக்குத் தெரிந்த ஒரு பெண்ணின் வீட்டுக்கோ, அதே வண்டியில் தெற்கேயிருந்து ஜனங்கள் வந்து இறங்கினார்கள்.

(அவளிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். ஊரை மாற்றியிருக்கிறேன். சமையலை மாற்றவில்லை.)

சென்னைக்கு வெளிப்புறத்தில் இரண்டு அறையும் ஒரு கூடமும் உள்ள வீடு. அவளும் வேலைக்குப் போகிறாள், கணவனும் போகிறான். ஆறு வயதில் ஒரு குழந்தை. வந்தவர்கள் மாமனார், மாமியார், நாத்தனார், நாத்தனாரின் கணவர், அவர்களுடைய பிள்ளைகள் இரண்டு பேர். ஒத்தாசைக்கு என்று அவளுடைய தாயாரும் முழங்கால் வலியோடு வந்திருந்தாள். அடுப்பில் இருப்பது இரண்டே பர்னர்.

வியாழக்கிழமை விடியற்காலை எண்ணெய்க் குளியலும் லேகியமும் ஆனவுடன் இட்லியும் ஆட்டுக்கறிக் குழம்பும். மசாலாவை வீட்டிலேயே வறுத்து அரைக்க வேண்டும். பாக்கெட் பொடியின் வாசனை மாமனாருக்கு ஆகாது. வெள்ளிக்கிழமை அமாவாசை. முன்னோர்களுக்கு இலை போட்டுப் படைக்க வேண்டும். வாழைக்காய், வடை, பாயசம். கறி வாடை பட்ட பாத்திரம் அன்று அடுப்பில் ஏறக் கூடாது என்பதால் வியாழக்கிழமை ராத்திரி பதினொரு மணி வரைக்கும் பாத்திரம் தேய்த்தாயிற்று. சனிக்கிழமை கந்த சஷ்டி ஆரம்பம். மாமியாருக்கு ஆறு நாள் விரதம். ஒரு வேளைதான் சாப்பாடு. ஆனால் அந்த ஒரு வேளையை வெங்காயம், பூண்டு படாமல் தனிப் பாத்திரத்தில் செய்ய வேண்டும். மற்ற ஒன்பது பேருக்கும் விரதம் கிடையாது. அவர்களுக்கு மூன்று வேளையும் உண்டு. ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளைக்குப் பிரியாணி.

இவற்றுக்கு நடுவே சில்லறை விஷயங்கள். மாமனாருக்குக் குக்கர் சாதம் பிடிக்காது. வடித்த சாதம் வேண்டும். பிரிட்ஜில் வைத்ததைத் தொட மாட்டார். காலையில் செய்த பலகாரம் சாயங்காலம் திரும்பி வரக் கூடாது. காபி நாலரை மணிக்கு.

தனித்தனியாக எடுத்துப் பார்த்தால் ஒன்றும் கொலைக் குற்றம் இல்லை. ஒவ்வொன்றையும் அவர்கள் கேட்ட விதமும் மரியாதையானதுதான். "முடிஞ்சா செய்யம்மா" என்றுதான் கேட்டார்கள். ஆனால் 'முடிஞ்சா' என்ற அந்த வார்த்தைக்கு நம் குடும்பங்களில் என்ன அர்த்தம் என்பது உங்களுக்குத் தெரியும். "முடியவில்லை, அத்தை" என்று பதில் சொல்லிவிட்டு அதற்கப்புறமும் நல்ல மருமகளாக இருந்த ஒருத்தியை எனக்குக் காட்டுங்கள்.

சனிக்கிழமை பிற்பகல் மூன்றேகால் மணிக்கு நான் அந்த வீட்டுக்கு ஏதோ காரியமாகப் போனேன். கூடத்தில் எல்லாரும் படம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தாயும் மகளும் சமையலறைத் தரையில் உட்கார்ந்து மோர்ச் சோற்றுக்கு முதல்நாள் அமாவாசை வடையைத் தொட்டுக்கொண்டு சாப்பிட்டார்கள். பிரிட்ஜில் வைத்த வடைதான். அது பெரியவருக்கு மட்டுந்தான் ஆகாது.

அன்று இரவு அவள் கணவனிடம், "என்னங்க, நாளைக்குப் பிரியாணியைக் கடையில வாங்கிட்டு வந்துடுங்க. அம்மாவுக்கு முட்டி வீங்கியிருக்கு, எனக்கும் முடியல" என்று சொன்னாள். அவனும் சரியென்றான், மறுநாள் போய் வாங்கியும் வந்தான். நல்ல கடைதான். பொட்டலத்தைப் பார்த்ததும், அன்று அதைச் சாப்பிடப் போகாத மாமியாருக்கு முகம் சிறுத்துவிட்டது. "மாப்பிள்ளைக்குக் கடைச் சோறா?" என்றாள். நாத்தனார் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சம்பந்தப்பட்ட மாப்பிள்ளையோ, பாவம், இரண்டாந்தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாராம். அந்த வீட்டில் அன்றைக்குச் சோற்றைச் சோறாகப் பார்த்தவர் அவர் ஒருவர்தான் என்று நினைக்கிறேன்.

பிள்ளை என்ன செய்தான்? "நான் என்ன பண்ணட்டும்மா, அவதான் வாங்கச் சொன்னா" என்றான்.

அன்று ராத்திரி எல்லாரும் ரயிலேறினார்கள். அதற்கப்புறம் இரண்டு மாதத்துக்கு ஊரிலிருந்து மருமகளுக்கு ஒரு டெலிபோன் கூட இல்லை. பேரப்பிள்ளையிடம் பேசுவார்கள், பிள்ளையிடம் பேசுவார்கள், அவளிடம் பேச மாட்டார்கள். அக்கம்பக்கத்தின் தீர்ப்பு உடனே வெளியாகிவிட்டது: மூன்று நாள் செய்தவளுக்கு நாலாவது நாள் செய்துபோட என்ன கேடு? என்னிடமும் இரண்டு பேர் வந்து, "நீங்கள் கதை எழுதுகிறவர், பெண்ணுக்கு நாலு நல்ல வார்த்தை சொல்லுங்கள். போன் பண்ணி மன்னிப்புக் கேட்டுவிடட்டும்" என்றார்கள். நான் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்பதைத்தான் இப்போது எழுதுகிறேன்.

விருந்தோம்பல் தமிழர் பண்பாடு என்று ஒரு கட்சி. அவர்கள் கையில் எப்போதும் திருக்குறள் இருக்கும். நானும் எடுத்துப் பார்த்தேன். ஒன்பதாம் அதிகாரத்தில் உள்ள பத்துக் குறளும் விருந்து கொடுக்கிறவன் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்றுதான் பேசுகின்றன. வந்தவர் இன்ன குழம்பு வை, இன்ன பாத்திரத்தில் வை என்று உத்தரவிடலாம் என்பதற்கு அதில் ஆதாரம் ஒன்றும் அகப்படவில்லை. அது மட்டுமா? இல்லறத்தைப் பற்றிப் பேசத் தொடங்கும்போதே வள்ளுவர் 'இல்வாழ்வான்' என்று ஆண்பிள்ளையைத்தான் கூப்பிடுகிறார். விருந்தினரைப் பேணுவது அவன் கடமை. அவன் அந்தக் கடமையை மனைவியின் தலையில் வைத்துவிட்டு, 'எங்கள் வீட்டு உபசாரம்' என்ற பெருமையை மட்டும் தன்னிடம் நிறுத்திக்கொண்டான். விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்று நம் பாட்டிமார்கள் கணக்காகத்தான் சொல்லி வைத்தார்கள். அரசாங்கம் நாலாவது நாளையும் சேர்த்துக் கொடுத்துவிட்டது.

இன்னொரு கட்சி, நாக்கைப் பற்றிப் பேசும். "வயதானவர்கள், அந்த ருசிக்குப் பழகிவிட்டார்கள், மாற்றிக்கொள்ள முடியுமா?" என்பார்கள். இதைக் கேட்டு நான் கொஞ்சம் இளகியதுண்டு. ருசி லேசான விஷயம் இல்லை. நாகர்கோவில்காரருக்குத் தேங்காய் எண்ணெய் வாசனை வராத அவியல் அவியலாகாது. திருநெல்வேலிச் சைவக் குடும்பங்களில் மறுவீட்டு விருந்துக்குச் சொதி இல்லையென்றால் விருந்தே நடந்ததாகக் கணக்கில்லை. கோயம்புத்தூர்ப் பக்கத்துக் கடலை எண்ணெயில் வளர்ந்த நாக்குக்குத் தஞ்சாவூர் நல்லெண்ணெய் புதிதாகத்தான் இருக்கும். இதையெல்லாம் நான் மறுக்கவில்லை.

ஆனால் ஒரு சோதனை இருக்கிறது. அதே மாமியார் தன் மகளுடைய வீட்டுக்கு, அதாவது சம்பந்தி வீட்டுக்குப் போகும்போது என்ன கேட்கிறாள் என்று பாருங்கள். "எனக்கு ஒண்ணும் வேண்டாம், ஒரு வாய் மோர்ச் சோறு போதும்" என்பாள். அங்கே குக்கர் சாதம் தொண்டையில் இறங்குகிறது. பாக்கெட் பொடி மணக்கிறது. முதல்நாள் குழம்பு, "சுண்டினதுதான் ருசி" என்று பாராட்டும் வாங்குகிறது. மாமனாரோ அங்கே காபி எப்போது வருகிறதோ அப்போது எழுந்திருப்பதாகப் பாவனை செய்துகொண்டு படுத்திருப்பார். நாக்கு அதேதான். வீடு மாறினால் நாக்கின் குணம் மாறுமா? மகள் வீட்டில் வாய் திறந்து ஒன்று கேட்டால் அது மகளுக்குக் கஷ்டம் என்று அவளுக்குத் தெரியும். மகன் வீட்டிலும் அது இன்னொருத்தி மகளுக்குக் கஷ்டம் என்பது அவளுக்குத் தெரியாமல் இல்லை. அங்கே கேட்கலாம், இங்கே கேட்கக் கூடாது என்று ஊர் வகுத்து வைத்திருக்கிறது. கேட்டது நடந்தால் தன் ஸ்தானம் இன்னும் இருக்கிறது என்று அர்த்தம். கடைப் பிரியாணி வந்தபோது அந்த அம்மாள் முகம் சிறுத்தது அரிசியைப் பார்த்தா? ஸ்தானம் ஆட்டம் கண்டதைப் பார்த்துத்தான்.

இதன் மறுபக்கத்தையும் பாருங்கள். பொங்கலுக்கு இதே மருமகள் கணவன் ஊருக்குப் போகிறாள். நியாயப்படி அப்போது அவள்தானே விருந்தாளி? ரயிலிலிருந்து இறங்கி, குளித்து, முடியை முடிந்துகொண்டு நேரே சமையலறைக்குப் போகிறாள். போகாவிட்டால் 'பட்டணத்துக்காரி' என்று பெயர். மாமியார் வந்தாலும் இவள் கையில் கரண்டி, இவள் போனாலும் இவள் கையில்தான் கரண்டி. விருந்தாளியின் வசதிக்காகத்தான் இந்த ஏற்பாடெல்லாம் என்றால் ஏதாவது ஒரு பக்கத்திலாவது கரண்டி கை மாற வேண்டாமா?

மாமியாரை மட்டும் அரக்கியாக்கிப் பல கதைகள் எழுதப்பட்டாயிற்று. எனக்கு அதில் சம்மதம் இல்லை. அந்த அம்மாளோடு நான் பேசியிருக்கிறேன். பதினெட்டு வயதில் கல்யாணமாகி, ஒன்பது பேர் உள்ள குடும்பத்துக்கு விறகடுப்பில் பொங்கினவள். தனக்கு என்ன குழம்பு பிடிக்கும் என்று கேட்பார் இல்லாமல் நாற்பது வருஷம் கழிந்திருக்கிறது. "நான் மருமகளா இருந்தப்போ கேட்டதா சாப்பிட்டேன்? கிடைச்சதைச் சாப்பிட்டேன்" என்றாள். அதைச் சொல்லும்போது அவள் குரலில் அதிகாரமே இல்லை. அவளுக்கு உலகம் கடன்பட்டிருக்கிறது என்பதை நான் முழு மனசோடு ஒப்புக்கொள்ளுகிறேன். ஆனால் கடன் வாங்கினவர்கள் யார்? அவளுடைய மாமியார், மாமனார், எல்லாருக்கும் மேலாக அவள் கணவர். அவர் கூடத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார், நாலரை மணிக் காபிக்காக. அவரை விட்டுவிட்டு, அந்தக் கடனில் காலணா பார்க்காத ஒரு பெண்ணிடம் போய் வட்டியும் முதலுமாக வசூலிப்பது எந்த ஊர் நியாயம்? இன்றைக்கு இவள் கொடுத்துவிட்டால் இன்னும் முப்பது வருஷம் கழித்து இவளும் யாரிடமாவது வசூலிக்கக் கிளம்புவாள்.

வியாதிக்காரர்களை நான் இதில் சேர்க்கவில்லை. சர்க்கரை உள்ளவருக்குத் தனியாகச் செய்வதும், பல் போன பாட்டிக்குக் குழைய வடிப்பதும் விருந்தினருக்குச் செய்யும் கைங்கரியம். அதை முணுமுணுப்பவர்களுக்கு நான் வக்காலத்து வாங்கப் போவதில்லை.

நிற்க. யந்திரங்கள் வந்துவிட்டனவே, முன்போல ஆட்டுக்கல்லிலா அரைக்கிறார்கள் என்று கேட்பவர்கள் உண்டு. கேட்பவர் அநேகமாக ஆண்பிள்ளையாக இருப்பார். ஒரு காலத்தில் எத்தனையோ வீடுகளில் இட்லி என்பதே தீபாவளிக்கும் பொங்கலுக்கும் கண்ணில் படுகிற வஸ்து. கோயம்புத்தூர் கிரைண்டர் வந்தது. கை நோவு குறைந்தது வாஸ்தவம். ஆனால் மிச்சமான நேரம் அவளிடம் வரவில்லை. இரண்டாவது டிபனாக மாறிவிட்டது. மத்திய அரசின் புள்ளிவிவரக்காரர்கள் 2019இலும் 2024இலும் ஜனங்கள் நாளின் நேரத்தை எப்படிச் செலவழிக்கிறார்கள் என்று வீடு வீடாகக் கேட்டுக் கணக்கெடுத்தார்கள். சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண் ஒருத்திக்கு 2019இல் நாளொன்றுக்குச் சராசரி 299 நிமிஷம். 2024இல் 289 நிமிஷம். ஐந்து வருஷத்தில் பத்து நிமிஷம் குறைந்ததே என்று சந்தோஷப்படலாம் என்று பார்த்தால், ஆண்பிள்ளையின் கணக்கு 97 நிமிஷத்திலிருந்து 88க்கு இறங்கியிருக்கிறது. அவரும் ஒன்பது நிமிஷம் மிச்சம் பிடித்துவிட்டார்! அதுவும் வீட்டு வேலையைத் தொடுகிற ஆண்களின் சராசரிதான் இது. தொடாத புண்ணியவான்கள் இந்தக் கணக்கில் சேரவில்லை.

1965இல் உணவுப் பஞ்சத்தின்போது பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி, வாரத்தில் ஒரு வேளைச் சாப்பாட்டை விட்டுக்கொடுங்கள் என்று தேசத்தைக் கேட்டுக்கொண்டார். ஜனங்கள் கேட்டார்கள். நான் அவ்வளவு தூரம் போகவில்லை. வந்த இடத்தில் ஒரு வேளைக்காவது பழைய குழம்பைச் சுடவைத்துச் சாப்பிடலாம் என்றுதான் சொல்லுகிறேன்.

சாமர்த்தியத்தை உபதேசிக்கிறவர்களிடம் எனக்குள்ள முக்கியமான வழக்கு வேறு. மாவை முதல்நாளே அரைத்து வை, மசாலாவை வறுத்து வை, மாமியாருக்குப் பிடித்ததை முன்னாலேயே கேட்டுத் தெரிந்துகொள் என்று அவர்கள் சொல்லுகிற யோசனை ஒவ்வொன்றும் மருமகளுக்குத்தான். வருகிறவர்கள் அவளுடைய பெற்றோரா? கணவனுடைய பெற்றோர். அவர்கள் மொழி அவனுக்குத் தெரியும், அவர்கள் கோபமும் தெரியும். அவன் 'முடியாது' என்று சொன்னால் அவர்கள் இரண்டு நாள் வருத்தப்படுவார்கள். அவள் சொன்னால் இரண்டு மாதம் பேச மாட்டார்கள். அப்படியானால் எந்த வாயால் சொல்லுவது மலிவு என்று ஒரு குழந்தைக்குக் கூடத் தெரியுமே! அவர்கள் பெட்டியைக் கட்டுவதற்கு முன்பே அவன் டெலிபோனை எடுத்து, "அம்மா, ஒரு நாள் உன் கறிக்குழம்பு, ஒரு நாள் படையல், மற்ற இரண்டு நாள் இருக்கிறதைச் சாப்பிடுவோம், ஞாயிற்றுக்கிழமை கடையில் வாங்குகிறேன்" என்று சொல்லியிருந்தால் அந்தப் பொட்டலத்தைப் பார்த்து ஒருவரும் திடுக்கிட்டிருக்க மாட்டார்கள். வடித்த சாதம்தான் வேண்டுமென்றால் அவனே வடிக்கலாம். அரிசி வெந்ததா என்று பார்ப்பதற்கு இன்ன ஜாதி விரல்தான் வேண்டும் என்று சாஸ்திரம் இல்லை.

என் வீட்டில் இப்படித்தான் நடக்கிறது. உறவுக்காரர்கள் வருவதற்கு ஒரு வாரம் முன்பே என்னென்ன சமையல், யார் யார் செய்வது என்று எழுதி எல்லாருக்கும் அனுப்பிவிடுகிறோம். எனக்குக் கஞ்சப் பெயரும் கறார்ப் பெயரும் வந்தன. வந்தவர்கள் திரும்பவும் வந்துகொண்டுதான் இருக்கிறார்கள்.

அந்தப் பெண் மன்னிப்புக் கேட்கவில்லை. 2025 பொங்கலுக்கு மூன்று பேரும் ஊருக்குப் போனார்கள். போவதற்கு முன்னால் நான் அவள் கணவனைக் கூப்பிட்டு, மேலே எழுதியிருப்பதைச் சுருக்கமாகச் சொன்னேன். நல்ல பிள்ளை, தலையை ஆட்டிக்கொண்டான். போய் என்ன செய்தான் என்று திரும்பி வந்ததும் விசாரித்தேன். போன அன்று காலையிலேயே சமையலறைக்குப் போய் மனைவியின் பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் நறுக்க ஆரம்பித்தானாம். மூன்று வெங்காயம் ஆவதற்குள் தாயார் வந்து, "ஆம்பளப் பிள்ளைக்கு இங்க என்னப்பா வேலை?" என்று கையிலிருந்த கத்தியைப் பிடுங்கிக்கொண்டாளாம். எழுந்து கூடத்துக்கு வந்துவிட்டானாம்.

"கத்தியை வாங்கிட்டாங்க அக்கா, அப்புறம் நான் என்ன செய்ய முடியும்?" என்றான்.

"அந்த வீட்டில் அரிவாள்மனை இருக்குமே, தம்பி" என்றேன்.